சேணத்தில் உட்காருவது இடுப்பு

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. பழி முழுவதும் குதிரையின் தலையில்தான். ஆனால் பெங்களூருக்கு வடக்கே யெலஹங்கா, ஜக்கூர் பக்கத்துச் சவாரிப் பள்ளி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலியோரமாக ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் வேறு விஷயம் தெரியவரும். விழுகிற புதியவர்களில் பலரைக் குதிரை தள்ளுவதில்லை. அவர்களாகவே சரிகிறார்கள்.

இந்தப் பள்ளிகளுக்கு வருகிறவர்கள் சிறுவர்கள் மட்டுமல்ல. வாரம் முழுவதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் வருகிறார்கள். குதிரை நடக்கிற வரையில் எல்லாம் சுகமே. புகைப்படமும் எடுத்தாகிவிடும். டிராட் எனப்படும் துள்ளோட்டம் ஆரம்பித்ததும்தான் சங்கடம். குதிரையின் முதுகு நிமிஷத்துக்குச் சுமார் 150 தடவை மேலே தூக்கிப் போடுகிறது. பயந்துபோனவர் முழங்கால்களால் இறுக்கிப் பிடிக்கிறார், முன்னால் குனிகிறார், கடிவாள வாரைப் பற்றி இழுக்கிறார். மூன்றுமே தவறு. முழங்காலை இறுக்கினால் உடல் மேலே எழும்புமே தவிர அழுந்தி உட்காராது. குனிந்தால் பாரம் முன்னால் போய்விடும். வாரை இழுத்தாலோ, குதிரையின் வாயில் பல் இல்லாத ஈற்றின் மேல் கிடக்கிற இரும்பு அந்த ஈற்றை நசுக்குகிறது. குதிகால் விலாவில் உதைத்து 'போ' என்கிறது, கை 'நில்' என்கிறது. எதைக் கேட்பது என்று தெரியாமல் அந்த வாயில்லாப் பிராணி தலையை உதறுகிறது. உடனே, 'முரட்டுக் குதிரை' என்று அதற்குப் பட்டம்!

தேசிங்குராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சவாரி என்றால் தொடை பலமும் துணிச்சலும்தான். இரண்டும் வேண்டியவையே. ஆனால் மனிதனைச் சேணத்தின் மேல் நிலையாக வைப்பது நடு உடல். வயிற்றுத் தசைகளில் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது, அரைக்கச்சை கட்டியதுபோல இடுப்பைச் சுற்றி வருகிறது. பின்னால் முதுகெலும்பை ஒட்டிச் சிறுசிறு தசைகள், மேலே உதரவிதானம், கீழே இடுப்பெலும்புக் கூட்டின் அடித்தளத் தசைகள். இவை ஒன்றுசேர்ந்து வேலை செய்தால் குதிரையின் அசைவை இடுப்பு வாங்கிக்கொள்ளும், தோளும் கையும் சும்மா இருக்கும். சேர்ந்து வேலை செய்யாவிட்டால் அந்த ஆட்டம் முழுவதும் கைக்கு வந்துவிடும். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் பக்கவாட்டிலிருந்து பார்க்க ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று வாத்தியார்கள் ஓயாமல் கத்துவது இதனால்தான்.

கால் செயலிழந்தவர் பெற்ற பதக்கம்

தொடையின் பிடியா, இடுப்பின் நிலையா என்ற கேள்விக்கு டென்மார்க் நாட்டுப் பெண்மணி ஒருவர் விடை தந்திருக்கிறார். லிஸ் ஹார்ட்டெல் என்பவருக்கு 1944-ல், வயிற்றில் குழந்தை இருந்த சமயத்தில், இளம்பிள்ளை வாதம் கண்டது. பிழைத்து எழுந்தார், ஆனால் முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் கடைசி வரை செயல்படவில்லை. மறுபடி குதிரை ஏறுவதென்று பிடிவாதமாக இருந்தார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் தேவைப்பட்டது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் பெண்களுக்கு முதல் தடவையாக அனுமதி கிடைத்தது. ஜூபிலி என்ற குதிரையின் மேல் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நான்கு வருஷம் கழித்து ஸ்டாக்ஹோமில் நடந்த குதிரைப் போட்டிகளில் மீண்டும் வெள்ளி. முழங்காலுக்குக் கீழே உணர்த்த முடியாத கட்டளைகளை அவர் முதுகாலும் இடுப்பின் பாரத்தாலும் உணர்த்தினார்.

வியன்னாவின் பழம்பெரும் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியிலும் இதே பாடம்தான். புதிய மாணவனுக்கு அங்கவடியும் கிடையாது, கடிவாள வாரும் கிடையாது. நீண்ட கயிற்றில் குதிரையை வாத்தியார் வட்டமாக ஓட்ட, மாணவன் வெறுமனே உட்காரப் பழகுகிறான். இது ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் நடக்கிறது. நம் ஊரில் மூன்றாம் வகுப்பிலேயே நாலுகால் பாய்ச்சலில் போக ஆசைப்படுகிறவர்கள் இதைக் கேட்டால் கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

பந்தய ஜாக்கியின் கதை வேறு. ஓட்டத்தின்போது அவர் சேணத்தில் உட்காருவதே இல்லை. குட்டையான அங்கவடிகளில் முழங்காலை மடக்கி, குதிரையின் கழுத்தின் மேல் கவிந்தபடி நிற்கிறார். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் குனிந்த நிலை பரவியபோது பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவிகிதம் வரை குறைந்தன என்று லண்டன் ராயல் வெட்டினரி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். குதிரை ஏறி இறங்கினாலும் ஜாக்கியின் உடல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் செல்கிறது. அதிர்ச்சியை அவருடைய காலும் இடுப்பும் விழுங்கிவிடுகின்றன. பந்தயம் முடிந்து இறங்கும்போது குதிரையைப் போலவே அவருக்கும் மேல்மூச்சு வாங்குகிறது.

இந்த இரண்டு வகைப் பலமும் வேண்டியிருப்பது ஈவென்டிங் என்ற போட்டியில். டிரெஸ்ஸாஜ், காடுமேடான தடத்தில் தடை தாண்டும் ஓட்டம், மைதானத்தில் தாண்டுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. பெங்களூர்க்காரரான ஃபவாத் மிர்சா 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இதில் தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் பெற்றார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-வது இடத்தைப் பிடித்தார்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

ஞாயிறு ஒரு மணி நேரச் சவாரியால் மட்டும் இடுப்பு உறுதிப்பட்டுவிடாது. வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிஷம், வீட்டுக் கூடத்தில் ஒரு ஜமக்காளம் விரித்தால் போதும்.

முதலில் பலகை நிலை. குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்த வேண்டும். இருபது விநாடி, மூன்று தடவை. இடுப்பு தொங்கவும் கூடாது, கூரைபோல் உயரவும் கூடாது. அதையே ஒருக்களித்து, ஒரு முழங்கையில் நின்று இரு பக்கமும் செய்யலாம். பெரும்பாலோருக்கு ஒரு பக்கம் தளர்ந்திருப்பது அப்போது தெரியும். குதிரைக்கு அது முன்பே தெரியும். அதனால்தான் அது ஒரு பக்கமே சாய்ந்து போகிறது.

அடுத்தது, குழந்தை தவழ்வதுபோல நான்கில் நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. பார்க்கச் சுலபம். முதுகின் மேல் பாதி தண்ணீரோடு ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால்தான் உண்மை புரியும். யோகாசனம் பழகியவர்களுக்குச் சேதுபந்தாசனம் தெரிந்திருக்கும். பிருஷ்டத் தசைகளுக்கு அதைவிட நல்லது இல்லை. பஸ்கியை வேகமாக நூறு போடுவதைவிட, மூன்று எண்ணி இறங்கி மூன்று எண்ணி எழும்பிப் பத்துப் போடுவது மேல். துள்ளோட்டத்துக்கு இசைவாக எழுந்து உட்காரும் வித்தை அதில்தான் படிகிறது. ஆறு எட்டு வாரத்தில் வித்தியாசம் தெரியவரும்.

நாற்காலிவாசிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. நாள் முழுவதும் மடங்கியே இருந்து தொடையின் முன்பக்கம் இறுகிப்போயிருக்கும். ஒரு முழங்காலை ஊன்றி மறுகாலை முன்னால் வைத்து, இடுப்பை மெல்ல முன்தள்ளினால் அது நெகிழும். தொடையின் உட்புறத்துக்குப் பத்தகோணாசனம் நல்லது. உடற்பயிற்சிக்கூடத்தில் மார்பையும் தோளையும் மட்டும் வளர்த்தவர்கள் சேணத்தில் மரக்கட்டைபோல் குதிப்பதைப் பார்த்துச் சவாரி வாத்தியார்கள் சிரிப்பார்கள். விறைப்பு வேறு, பலம் வேறு. எந்தப் பயிற்சியிலும் மூச்சை அடக்கக் கூடாது. சவாரியின்போதும் அப்படியே. மாணவனை வாய்விட்டு எண்ணச் சொல்வது மூச்சு ஓடுகிறதா என்று பார்க்கத்தான்.

முதுகுத்தண்டு நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. உடல் எடையையும் பார்க்க வேண்டும். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. தலைக்கவசம் இல்லாமல், அதன் வார் மாட்டாமல், ஏறவே கூடாது. வயது மட்டும் ஒரு தடையல்ல. ஜப்பானியரான ஹிரோஷி ஹோக்கெட்ஸு 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டார். 2012-ல் லண்டனுக்கும் வந்து சவாரி செய்தார். அப்போது அவருக்கு வயது 71.

முதல் சவாரிக்கு மறுநாள் தொடையின் உட்புறம் வலித்தால் கவலை வேண்டாம். இரண்டு நாளில் போய்விடும். இடுப்புக்குச் சற்று மேலே முதுகு வலித்தால் மட்டும், அடுத்த ஞாயிறு குதிரையை அவிழ்ப்பதற்கு முன்பே வாத்தியாரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.