நீண்டகால இன்டர்பெரோன் சிகிச்சை: எந்த ஊசி யாருக்குப் பொருந்தும்?

ஆண்டுக்கணக்கில் தொடரவேண்டிய சிகிச்சையில், மருந்து எது என்பதைப் போலவே அதனை உடலில் செலுத்தும் முறை எது என்பதும் முக்கியமானதாகும். மூளையையும் முண்ணாணையும் தாக்கும் மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் நோய்க்கு வழங்கப்படும் பீட்டா இன்டர்பெரோன் இதற்குத் தக்க உதாரணமாகும். இந்நோய் நமது நாட்டில் அரிதானதே. எனினும், பெல்மதுளை - எம்பிலிப்பிட்டிய வீதியிலுள்ள கொடகவெல போன்ற ஊர்களிலும் அயல் தோட்டங்களிலும் வாழும் ஒருவருக்கு இது ஏற்படுமாயின், எந்த ஊசியைத் தெரிவு செய்வது என்ற வினா உடனே எழுகின்றது.

1957ஆம் ஆண்டு லண்டனில் ஐசக்ஸ், லின்டன்மன் ஆகியோர் இன்டர்பெரோனைக் கண்டறிந்தனர். அது ஒரு புரதம். மாத்திரையாக விழுங்கினால் வயிற்றில் செரிமானமாகிவிடும் என்பதாலேயே ஊசி அவசியமாகின்றது.

பிரதானமாக நான்கு முறைகள் உள்ளன. முதலாவது, தூளைக் கரைத்து ஒன்றுவிட்டொருநாள் தோலின் கீழ் ஏற்றும் 250 மைக்ரோகிராம் ஊசி. அமெரிக்காவில் 1993இல் அங்கீகாரம் பெற்றது இதுவே. இரண்டாவது, வாரத்திற்கு மூன்று தடவைகள் தோலின் கீழ் ஏற்றப்படும் 22 அல்லது 44 மைக்ரோகிராம் ஊசி. மூன்றாவது, வாரத்திற்கு ஒருமுறை தசையினுள் ஏற்றப்படும் 30 மைக்ரோகிராம் ஊசி. நான்காவது, 2014இல் அறிமுகமான, இரு வாரங்களுக்கு ஒருமுறை ஏற்றும் 125 மைக்ரோகிராம் ஊசி.

இவற்றின் சாதக பாதகங்கள் வேறுபட்டவை. 2002இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வொன்றில், வாரம் மூன்று தடவைகள் 44 மைக்ரோகிராம் பெற்றோரில் சுமார் 75 சதவீதத்தினரும், வாரம் ஒருமுறை தசையூசி பெற்றோரில் சுமார் 63 சதவீதத்தினரும் 24 வாரங்கள் நோய்த் தாக்கமின்றி இருந்தனர். அதேவேளை, தோலின் கீழ் அடிக்கடி ஊசி ஏற்றுவதனால் சிவப்பு, வீக்கம், சில வேளைகளில் புண் என்பன ஏற்படுகின்றன. ஆகவே தொடை, வயிறு, மேற்கை என இடம் மாற்றி ஏற்றுதல் வேண்டும். தசையூசியில் இத்தொல்லை குறைவு. ஆனால் அதன் ஊசி நீளமானது.

மருந்து நிரப்பிய சிரிஞ்ச், பேனா, தானியங்கிக் கருவி என்பவற்றுக்கிடையிலும் தெரிவு உண்டு. தானியங்கிக் கருவி ஊசி முனையை மறைப்பதால் அச்சம் உள்ளவர்களுக்கும் கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் உதவும். இது வசதி பற்றிய விடயமே. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றுதான்.

நமது சூழலில் தீர்க்கமானது வெப்பநிலையாகும். நிரப்பிய ஊசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது. பொதியில் குறிப்பிடப்படும் "அறை வெப்பநிலை" என்பது 25 பாகையாகும். கொடகவெலயின் பகல் வெப்பம் இதனை எளிதில் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டியற்ற லயன் அறையில் ஒரு மாத மருந்தைச் சேமிப்பது, பணத்தையும் பயனையும் ஒருங்கே இழப்பதாகும். அத்தகையோருக்கு, அருகிலுள்ள வைத்தியசாலையில் மருந்தை வைத்து, வாரம் ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ தாதியிடம் ஏற்றிக்கொள்ளும் முறையே பொருத்தமாகும். இதற்கான ஒழுங்கினைச் செய்துதருமாறு நிபுணரிடமும் வைத்தியசாலையிடமும் சிகிச்சையின் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

ஊசிக்குப் பின் காய்ச்சலும் உடல்வலியும் ஏற்படுவது வழமை. இரவில் ஏற்றிக்கொண்டு, வைத்தியர் கூறியவாறு பரசிட்டமோல் எடுத்தால் தாங்கிக்கொள்ளலாம். நோன்பு நோற்போருக்கும் இரவு நேரமே உகந்தது. போஷாக்கு அல்லாத சிகிச்சை ஊசிகள் நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி தீர்மானித்துள்ளது. ஐயமுள்ளோர் தமது உலமாக்களிடம் தெளிவு பெறலாம்.

ஈரல், இரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடலாகாது. மனச்சோர்வு தோன்றினால் மறைக்காது கூறுதல் வேண்டும். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் மூடிவைத்து வைத்தியசாலையில் ஒப்படைத்தல் வேண்டும்.

ஊசி தாங்கமுடியாதபோது பலர் வைத்தியரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகின்றனர். அதுவே மிகப்பெரிய ஆபத்தாகும். 2010 முதல் இந்நோய்க்கு மாத்திரைகளும் பாவனைக்கு வந்துள்ளன. முறையை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம். சிறந்த ஊசி என்பது நோயாளி தன் வீட்டிலும் தன் வருமானத்திலும் தவறாது தொடரக்கூடிய ஊசியேயாகும்.