துடிக்கும் விண்மீன்கள் சொல்லும் தூரம்

கொட்டாஞ்சேனைக் கோயில்களில் மார்கழியில் கொண்டாடப்படும் திருவாதிரைக்குரிய செந்நிற நட்சத்திரம், 2019 இறுதியில் மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகியது. வெடிக்கப் போகிறதோ என்ற பேச்சு எழுந்தது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசாகித் திரையிட்டதே முக்கிய காரணம் என்று பின்னர் தெரியவந்தது. தூசு மறைக்காத காலத்திலும் திருவாதிரை ஏறத்தாழ 400 நாட்களுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கும், ஒளியும் மாறும்.

ஏன் துடிக்கின்றன?

இன்னும் ஒழுங்காகத் துடிப்பவை செபீட் விண்மீன்கள். இவற்றின் உள்ளே ஹீலிய அடுக்கொன்று சூடேறும்போது ஒளியை வெளியே விடாமல் தடுக்கிறது. வெப்பம் தேங்கி அடுக்கு விரிகிறது. விரிந்ததும் குளிர்ந்து ஒளிக்கு வழிவிடுகிறது. ஈர்ப்பு மீண்டும் அழுத்துகிறது. கொதிக்கும் கேத்தலின் மூடி எழுந்து விழுவது போலத்தான்.

தூரம் எப்படித் தெரியும்?

மங்கலாகத் தெரியும் விண்மீன் உண்மையில் ஒளி குன்றியதா, தொலைவில் உள்ளதா? பார்வைக்குப் பிடிபடாது. 1912இல் அமெரிக்காவின் ஹென்ரியெட்டா லெவிட், சிறிய மகெல்லன் முகில் என்ற விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ ஒரே தொலைவிலுள்ள 25 செபீட்களை ஒப்பிட்டு விடை தந்தார்: துடிப்பின் காலம் நீள நீள உண்மையான ஒளியும் அதிகம். நாட்களை எண்ணினால் உண்மை ஒளி தெரியும்; அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். அந்திரொமீடா நம் பால்வெளிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் மண்டலம் என்பதை எட்வின் ஹபிள் நிறுவியது, 1923இல் அங்கு கண்ட செபீட் ஒன்றைக் கொண்டுதான்.

சென்னையின் பங்கு

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் தென்வானில் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். அது ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை துடிக்கும் பெரிய செந்நிற விண்மீன். அங்கு தலைவராயிருந்த நோர்மன் பொக்சன், அப்பதவிக்கு வருமுன் 1856இல் முன்மொழிந்த ஒளி அளவுகோலே இன்றும் உலக வழக்கு. அதில் ஐந்து படி வித்தியாசம் என்றால் 100 மடங்கு ஒளி.

நீங்களும் பார்க்கலாம்

ஆகஸ்ட், செப்டெம்பர் முன்னிரவுகளில் கொழும்பின் உச்சிவானில் திருவோணம் ஒளிரும். அதற்கு நேர் தெற்கே சற்றுத் தள்ளி ஈட்டா அக்குயிலே என்ற செபீட் உள்ளது. ஏழு நாட்களுக்குச் சற்று அதிகமான கால இடைவெளியில் அதன் ஒளி இரு மடங்குக்கு மேல் கூடிக் குறைகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் வெளிச்சத்தில் வெறுங்கண்ணுக்குச் சிரமம். சிறிய பைனாகுலர் போதும். அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டு, முகிலில்லாத இரவுகளில் தேதியோடு குறித்து வாருங்கள். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.