டர்போவிலிருந்து திரும்பும் எண்ணெய்க் குழாய்

காரின் எஞ்சினுக்கு டர்போ பொருத்தி அதன் சக்தியைப் பெருக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் டர்போவின் விலையையும் அது தரப்போகும் வேகத்தையும் பற்றி எத்தனையோ கேள்விகள் கேட்கிறார்கள். ஆனால் டர்போவிலிருந்து எண்ணெயை, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குத் திருப்பிக் கொண்டுவருகிற அந்தச் சிறு குழாயைப் பற்றி விசாரிப்பவர்கள் மிகச் சிலரே. சொற்ப விலையுள்ள அந்தக் குழாய் தவறான வழியில் போடப்பட்டால், டர்போ நாசமாவதோடு, காரே தீப்பற்றும் அபாயமும் உண்டு.

நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டு பேரிங்கில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் ஆதாரத்தில்தான் ஓடுகிறது. அந்த எண்ணெய் உள்ளே வருவது ஆயில் பம்பின் அழுத்தத்தால். வெளியேறுவதோ புவியீர்ப்பினால் மட்டுமே. வெளிவருகையில் அது காற்றோடு கலந்து, பொங்கிய பாலைப்போல நுரைத்துப் பருத்திருக்கும். ஆகையால் உள்ளே செல்லும் குழாய் மெலிந்திருந்தாலும், திரும்பும் குழாய் பொதுவாக 16 முதல் 19 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ளதாக, எங்கும் தொய்ந்து தேங்காமல், கூரிய வளைவு எதுவுமின்றி, கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே சென்று, சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரவேண்டும். டர்போவின் வடிகால் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயலாகாது என்பது டர்போ தயாரிப்பாளரான காரெட் நிறுவனத்தின் அறிவுரை. டர்போவைச் சம்ப்பைவிடத் தாழ்வாக வைத்தே தீரவேண்டுமானால், எண்ணெயை உறிஞ்சித் தள்ளத் தனிப் பம்ப் ஒன்று அவசியம்.

இந்த வழி அடைபட்டால் என்ன நேரும்? டர்போவின் சீல் ரப்பரால் ஆனதன்று. பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கைப் போன்ற உலோக வளையமே. தேங்கிய எண்ணெயை அதனால் தடுக்க முடியாது. எண்ணெய் ஒரு பக்கம் சைலன்ஸருக்குள் கசிந்து நீலப் புகையாகவும், மறு பக்கம் காற்றுக் குழாயில் பிசுபிசுப்பாகவும் வெளிப்படும். டீசல் எஞ்சினாயின், மிகுதியாகக் கசியும் எண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு, சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் அது கட்டுக்கடங்காமல் ஓடிவிடக்கூடும். புகையைக் கண்டவுடன் “சீல் போய்விட்டது” என்று சொல்லிப் புது டர்போ வாங்கவைக்கும் பட்டறைகள் உண்டு; வடிகால் கோளாறு அப்படியே இருக்க, புதியதும் அதே கதியைத்தான் அடையும். எனவே இரண்டாவது டர்போவுக்குப் பணம் கொடுக்குமுன் திரும்பும் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டில் அளவுக்கு மீறிப் பூசிய சிலிக்கான் பசை உள்ளே பிதுங்கித் துவாரத்தில் பாதியை மறைத்திருப்பதும், வாயுவை வெளியேற்றும் பிரீதர் அடைபட்டதால் எஞ்சினின் கிராங்கேஸில் சேர்ந்த வாயு எண்ணெயை எதிர்த்து நிறுத்துவதும் இத்தகைய கோளாறுகளே. ரேடியேட்டருக்குரிய ரப்பர் ஓஸைப் போட்டிருந்தால், அது எண்ணெயில் ஊறி உப்பி நாளடைவில் பிளந்துவிடும். அருகிலேயே பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் இருப்பதை மறக்கலாகாது. எண்ணெய்க்கென்றே செய்த ஓஸும் அதன்மேல் வெப்பம் தாங்கும் உறையும் வேண்டும்.

இனி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். தண்டனை வண்டிக்காரருக்கு என்பதைப் பட்டறைக்காரர்கள் எடுத்துச் சொல்வது அரிது. ஆகவே டர்போ இல்லாத எஞ்சினில் அதைப் பூட்ட நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பதே உசிதம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் மறைத்த மாற்றம், விபத்துக்குப் பின் நஷ்டஈட்டை மறுப்பதற்கு முகாந்திரமாகிவிடலாம்.

கம்பெனியே டர்போவுடன் விற்ற காரில் பழுதுபார்க்கையில் குழாயைத் தாறுமாறாகப் பூட்டி நஷ்டம் விளைவித்தால், அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணமில்லை. அதற்குமுன் 1915 என்ற தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். வேலைக்கு ரசீதும், பொருத்திய உறுப்புகளின் விவரமும் கேட்டு வாங்குங்கள். பழுதான டர்போவையும் குழாயையும் பட்டறையில் விட்டுவிடாமல், கழற்றுமுன் குழாய் சென்ற வழியைப் புகைப்படமெடுத்து, வேறொரு மெக்கானிக்கின் அபிப்பிராயத்தைக் கையெழுத்துடன் பெற்று, அவற்றோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.