ஒளியால் எடை போடுவோம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

ஓட்டுத் துளை வழியே வீட்டினுள் விழும் வெயிலில் தூசுகள் மின்னுவதை நாம் கண்டிருக்கிறோம். துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதே அதற்குக் காரணம். இந்த ஒளிச்சிதறலைக் கொண்டு கரைசலில் உள்ள பெரிய மூலக்கூறுகளின் எடையை அறியலாம் என்று 1944-ஆம் ஆண்டில் பீட்டர் டிபை என்னும் அறிஞர் விளக்கினார். புரதங்களையும் இவ்வாறே எடை போடுகிறார்கள்.

இதனால் என்ன பயன்? மருந்தாகத் தரப்படும் புரதங்கள் சில வேளைகளில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிவிடும். அத்திரள்கள் நோயாளியின் உடலில் வேண்டாத எதிர்ப்பைத் தூண்டக்கூடும். ஆகவே மூலக்கூறுகள் தனித்தனியாக உள்ளனவா, திரண்டுள்ளனவா என்று அறிவது அவசியம். எல்லாம் கலந்திருந்தால் சராசரி எடையே கிடைக்கும். எனவே முதலில் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு நுண்துளை மணிகள் நிரம்பிய குழாய் உதவுகிறது. 1959-இல் ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் போராத், ஃப்ளோடின் ஆகியோர் இம்முறையை வெளியிட்டனர். கடைத்தெருவில் யானை நேரே சென்றுவிடும். சிறுவர்களோ கடைதோறும் நுழைந்து தாமதமாக வருவார்கள். அதுபோலப் பெரிய மூலக்கூறுகள் முதலிலும், துளைகளில் நுழையும் சிறியவை பின்னரும் வெளிவரும். வெளிவருவதன் செறிவையும் சிதறிய ஒளியையும் அளந்தால் எடை தெரிந்துவிடும்.

சரியான குழாயை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலாவது, துளையின் அளவு. சூப்பர்டெக்ஸ் 75 என்னும் மணிகள் 3,000 முதல் 70,000 டால்டன் வரையுள்ள புரதங்களுக்கு ஏற்றவை. சூப்பர்டெக்ஸ் 200 மணிகளோ 10,000 முதல் 6,00,000 வரை ஏற்றவை.

இரண்டாவது, புரதம் மணிகளில் ஒட்டக்கூடாது. கரைசலில் தேவையான அளவு உப்பு இருந்தால் ஒட்டுவது குறையும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, தூய்மை. ஒரு மூலக்கூறைவிட 1,000 மடங்கு எடையுள்ள நுண்துகள் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். குழாயிலிருந்து உதிரும் சில துகள்களே புரதத்தின் ஒளியை மறைத்துவிடும்! ஆகவே நன்றாகப் பிரிக்கும் குழாயானாலும், துகள் உதிர்ப்பது இதற்கு உதவாது. புதிய குழாயில் 0.1 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கரைசலை இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒளிக்கோடு அசையாமல் நின்ற பிறகே அளக்கத் தொடங்குவார்கள்.

இறுதியில், மாட்டு இரத்தத்திலுள்ள அல்புமினை அனுப்பிச் சோதிப்பார்கள். ஒற்றை மூலக்கூறு ஏறத்தாழ 66,000 டால்டன், இரட்டை 1,32,000 டால்டன் என்று தனித்தனியே காட்டினால் அக்குழாயை நம்பலாம்.

தராசு எவ்வளவு நுட்பமானதோ, தட்டும் அவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் அல்லவா?