கூந்தலுக்கு வேது

எண்ணெயோ கண்டிஷனரோ பூசிய முடியை ஈரச் சூட்டில் கால் மணி நேரம் வைத்திருந்து, பிறகு அலசி எடுப்பதே கூந்தலுக்கு நீராவி பிடித்தல். அழகு நிலையங்களில் இதற்கென்று தலையைக் கவிழ்த்து மூடும் கூண்டு போன்ற ஸ்டீமர் உண்டு. வீட்டில் ஒரு பருத்தித் துண்டும் ஒரு குண்டான் வெந்நீரும் போதும். பெயர்தான் புதிது. சித்த மருத்துவம் எண்ணும் 32 புற மருத்துவ முறைகளில் ஆவி பிடிக்கும் வேதும், சூடான துணியால் ஒத்தியெடுக்கும் ஒற்றடமும் உண்டு. சளி பிடித்தால் நொச்சித் தழையைப் போட்டு வேது பிடிப்பது இன்றும் வீட்டு வழக்கம். வெந்நீர்த் துண்டைத் தலையில் சுற்றும் முறை, கறாராகப் பார்த்தால், வேதைவிட ஒற்றடத்துக்கே நெருக்கமானது.

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. உயிருள்ள பகுதி தோலுக்குள் புதைந்திருக்கும் வேர்ப்பை மட்டுமே. அதனால் முடிக்கு ‘ஊட்டம்’ கொடுப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் எல்லாமே கொஞ்சம் மிகை. வெளியே இருக்கும் இழையைப் பதப்படுத்தலாம், வழவழப்பாக்கலாம், முறியாமல் காக்கலாம். அதற்குச் சோறு ஊட்ட முடியாது. இழையின் உள்ளே கெரட்டின் என்னும் புரத நார்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைச் சுற்றி மெல்லிய செதில்கள், மூங்கில் குருத்தைப் பொதிந்திருக்கும் பாளைகளைப்போல, ஒன்றன்மேல் ஒன்றாக நுனியை நோக்கிப் படிந்திருக்கும். செதில்கள் படிந்திருக்கும்வரை முடி பளபளக்கும். சாயமும் ப்ளீச்சும் வெயிலும் ஓயாத சீப்பும் அவற்றைத் தூக்கிவிட்டால் முடி சொரசொரத்து, சிக்கு விழுந்து, வறண்டு தெரியும்.

முடி தண்ணீரைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் முடியின் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் நீர். காற்று நன்றாக வறண்டு 30 சதவீதத்துக்கு இறங்கினால் அது பாதியாகிவிடும். முழுக்க நனைந்த முடியில் 30 சதவீதம்வரை நீர் இருக்கும். அப்போது இழையின் தடிமன் ஏழில் ஒரு பங்கு கூடும், நீளமோ 2 சதவீதம்கூடத் தாண்டாது. இந்த வரவு செலவை நிர்ணயிப்பது சுற்றியுள்ள காற்றுதான். தருமபுரிக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் வத்தல்மலையில் மூட்டம் படிந்த ஒரு காலையில் இருக்கும் அதே தலைமுடி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சித்திரை வெயிலில் தருமபுரி பேருந்து நிலையத்தில் இறங்கி நிற்கும்போது தன் ஈரத்தில் கணிசமான பங்கைக் காற்றுக்குக் கொடுத்திருக்கும். நீராவியால் ஏற்றிய தண்ணீருக்கும் இதே கதிதான். சில மணி நேரத்தில் அது போய்விடும்.

அப்படியென்றால் ஆவி பிடித்து என்ன பயன்? ஆவி சுமைகூலிக்காரரைப் போன்றது. தான் தங்காது, கொண்டுவந்த சுமையை இறக்கிவிட்டுப் போகும். சூடும் ஈரமும் சேரும்போது இழை உப்பிச் செதில்களின் இடுக்கு சற்றே இளகுகிறது. எண்ணெய் நீர்த்துப் பரவுகிறது. சிறு மூலக்கூறுகள் வேகமாக உள்ளே ஊர்கின்றன. பூசியது காய்ந்து போகாமல், தலை முழுவதும் ஒரே சீராக நெடுநேரம் வேலை செய்கிறது. வத்தல்மலை போன்ற இடங்களில் இதை மார்கழியில் கண்ணாலேயே பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறைந்துவிடும். குளிர்ந்த தலையில் தேய்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். வெதுவெதுப்பான துண்டு பட்டால் உருகி வழிந்து இழைக்கு இழை போய்ச் சேரும்.

நீராவியின் சூடு வெந்நீரின் சூட்டைப் போன்றதல்ல. ஒரு கிராம் நீராவி தண்ணீராகக் குளிரும் அந்தக் கணத்திலேயே சுமார் 540 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் உடல் சூட்டுக்கு ஆறும்போது கொடுப்பது 63 கலோரி மட்டுமே. ஆவிப் புண் வெந்நீர்ப் புண்ணைவிட ஆழமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மலையில் தண்ணீர் கொஞ்சம் முன்னதாகவே கொதிக்கும். 1,000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 97 டிகிரியிலேயே தளபுளவென்று பொங்கிவிடும். சோறு வேக ஓரிரு நிமிடம் கூடலாம், ஆனால் தலைக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை. தோலால் தாங்கக்கூடிய சூடு 45 டிகிரிக்குள்தான். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் சுட்டுவிடும். கொதிக்கும் பானைக்கு மேலே தலையைக் கவிழ்த்து முடிக்கு ஆவி காட்டுவது, ஆகவே, செய்யவே கூடாத காரியம். பானை சாய்ந்தால் முகமும் மார்பும் வெந்துபோகும்.

எதைப் பூசுவது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் இழைக்குள் புக வல்லது. கழுவும் முன் தேங்காய் எண்ணெய் பூசினால் முடியிலிருந்து புரதம் கரைந்து போவது குறைகிறது என்று 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று காட்டியது. தாது எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்தச் சோதனையில் அவ்வாறு காக்கவில்லை. கடைக் கண்டிஷனரின் வழி வேறு. அதிலுள்ள நேர்மின்னேற்றம் கொண்ட மூலக்கூறுகள், முடியில் சேதமடைந்து எதிர்மின்னேற்றம் மிகுந்திருக்கும் இடங்களாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். வெந்தயமும் செம்பருத்தி இலையும் கொடுக்கும் வழவழப்பு இழையின் மேல் ஒரு மென்படலமாகப் படியும், உள்ளே போகாது. முட்டையைப் பற்றி மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் புரத மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டினால் இறுக ஆரம்பிக்கும் என்பதால், சூடு எல்லை மீறினால் தலையில் பொரியல்தான் மிஞ்சும்.

செய்முறைக்குப் பெரிய நுணுக்கம் தேவையில்லை. முதலில் சீயக்காயோ மென்மையான ஷாம்புவோ போட்டு அழுக்கை நீக்கி, சொட்டுத் தண்ணீர் வடியத் துவட்ட வேண்டும். எண்ணெய் மட்டும் பூசுவதானால் இந்த முதல் அலசல் வேண்டாம். உலர்ந்த முடியிலேயே தேய்க்கலாம். கண்டிஷனரை மண்டையில் தேய்க்காமல், நடுமுடியிலிருந்து நுனிவரை பூசி, அகலப் பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். பிறகு கனமான பருத்தித் துண்டை வெந்நீரில் முக்கி, சொட்டாமல் பிழிந்து, முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் தலைப்பாகையாகச் சுற்றலாம். ஐந்தாறு நிமிடத்தில் துண்டு ஆறிவிடும். மூன்று நான்கு முறை மாற்றினால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதற்கு மேல் வைத்திருப்பதால் லாபம் இல்லை. முடியை முதலில் பிளாஸ்டிக் குல்லாயால் மூடி அதன்மேல் துண்டைச் சுற்றினால் சூடு நீடிக்கும். தலையின் ஈரமே உள்ளே ஆவியாக நிற்கும். கடைசியில் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும்.

எண்ணெயை எடுக்க அரப்பு நன்றாக உதவும். உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பொடிதான் அரப்பு. தருமபுரி, சேலம் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகளில் இம்மரம் தாராளமாக உண்டு. இலையிலுள்ள சாப்போனின் நுரைத்து அழுக்கை நீக்கினாலும், எண்ணெயைச் சோப்பைப்போல முழுக்கச் சுரண்டிவிடாது.

அலசும் தண்ணீரும் ஒரு பொருட்டுதான். தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதிலிருந்து மக்களைக் காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் முடிக்குத் தொல்லை தருவது ஃபுளோரைடு அல்ல. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இழையில் படிந்து அதை விறைப்பாக்குகின்றன. நீராவியில் உப்பு வராது, அது வடித்த நீருக்குச் சமம். உப்பு முழுவதும் பாத்திரத்தின் அடியிலேயே தங்கும். மின் ஸ்டீமரில் போர்வெல் தண்ணீர் ஊற்றுபவர்கள் சில வாரங்களில் அங்கே வெள்ளைப் படிவத்தைப் பார்க்கலாம். வினிகர் ஊற்றி ஊறவைத்தால் அது கரையும். இறுதி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரோ குழாய்வழி வரும் ஆற்றுநீரோ கிடைத்தால் நல்லது.

எல்லாத் தலைக்கும் இது ஒத்துவராது. மண்டையில் புண், சொரியாசிஸ், அரிப்புடன் கூடிய பொடுகு உள்ளவர்களுக்குச் சூடு எரிச்சலைக் கூட்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் தவிர்ப்பது மேல். புதிதாகச் சாயம் பூசிய தலையில் நிறம் சீக்கிரம் வெளிறும். ப்ளீச் செய்த முடி தண்ணீரை மிக விரைவாகக் குடிப்பதால், அதை அடிக்கடி உப்பவைத்துச் சுருங்கவைத்தால் செதில்கள் மேலும் தளர்ந்து முடி தொய்ந்துவிடும். அதற்கு எண்ணெய்ப் பூச்சோடு, சூட்டைக் குறைத்துச் செய்ய வேண்டும். சுருட்டை முடிக்கு இந்த முறை மிகவும் பொருந்தும், ஏனெனில் மண்டையில் சுரக்கும் எண்ணெய் சுருள்களைக் கடந்து நுனியை எட்டுவதில்லை. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடையே நீராவி முறை பரவலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வறண்ட முடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் நல்ல முடிக்கு மாதம் ஒருமுறையும் போதும். சிக்கு குறையும், சீப்பு எளிதாக ஓடும், முறிவு தணியும். பிளந்த நுனி மட்டும் எந்த ஆவியாலும் ஒட்டாது. அதை வெட்டிவிடத்தான் வேண்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் என்பதால், அரை அங்குலம் வெட்டினாலும் ஆறு வாரத்துக்குள் அந்த நீளம் திரும்பிவிடும்.