சாமிக்குக் குழம்பு எங்கே?

ஐப்பசிப் பௌர்ணமி. தஞ்சைப் பெரிய கோயிலில் அன்னாபிஷேகம். ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்த கோயிலின் பெருவுடையார் வெள்ளைச் சோற்றுக்குள் மறைகிறார். அப்பாவின் தோளில் உட்கார்ந்த வாண்டு கேட்காமல் விடுமா? "சாமிக்கு இவ்ளோ சோறா! குழம்பு எங்கப்பா?"

பதில் எளிது: சோறு பிறகு எல்லாருக்கும் பிரசாதம். நெல் விளையும் ஊர்ப் பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

நந்திதான் சிக்கல். வளர்ந்துகொண்டே போனதால் முதுகில் ஆணி அடித்தார்களாம். "வலிச்சிருக்குமா தாத்தா?"

சிறுபிள்ளைகள் உயிரற்ற பொருளுக்கும் உயிர் இருப்பதாக நினைப்பதை 1920-களிலேயே எழுதிவிட்டார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. ஆகவே அதட்டல் வேண்டாம். நந்தி நாயக்கர் காலத்துக் கல், ஆணி வெறும் கதை என்று தாத்தா நிதானமாகச் சொல்லலாம்.

"அப்ப, புல்லு யாரு போடுவாங்க?"