எஞ்சின் பெட்டியின் அருகே

"டவுன் பஸ்ஸில் எஞ்சினைக் கொண்டுவந்து டிரைவருக்குப் பக்கத்திலேயே வைத்து அவரை வேகவைப்பானேன்?" என்று பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர் எழுதிய கடிதம், பால்யம் முதல் என் நெஞ்சில் கிடந்த ஒரு பிரியத்தைக் கிளறிவிட்டது.

எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் கொண்ட தொழிற்சாலையின் 'காமெட்' சேசிஸ், லாரிக்கும் பஸ்ஸுக்கும் பொதுவானது. படி உயரமாய் இருந்ததும், கிழவிகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறியதும் அதன் விளைவே. 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்த பிறகும், அந்த வம்சத்து வண்டிகள் நம் ஜில்லாவில் வெகுகாலம் ஓடின.

எஞ்சினை முன்னால் வைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. மண்சாலையில் சக்கரம் கிளப்பும் புழுதியெல்லாம் வண்டியின் பின்புறத்தில்தான் சூழ்கிறது. யந்திரம் அங்கே இருந்தால் அந்தப் புழுதியையே சுவாசிக்க நேரும். முன்னால் இருந்தாலோ எதிர்காற்று நேரே ரேடியேட்டரில் பாய்கிறது. பாதி வழியில் நின்றுபோனாலும், மூடியைத் தூக்கிக் கையை விட்டால் போதும்.

அந்த மூடியைத்தான் நாங்கள் எஞ்சின் பெட்டி என்போம். ரெக்சின் கிழிந்த இடத்தில் கோணி தெரியும். ஐப்பசி அடைமழையில் நனைந்து ஏறிய சிறுவனாகிய நான், புத்தகப் பையை அதன்மேல் வைத்து அருகே ஒண்டி நின்றபோது, நெல் அவிக்கும் அடுப்பங்கரையில் பாட்டியின் பக்கத்தில் குந்தியிருந்த சுகமே கிட்டிற்று. அதே வெப்பத்தைச் சித்திரையில் எட்டு மணி நேரம் இடது காலில் தாங்கிய டிரைவரின் கஷ்டம், எனக்கு வெகுநாள் கழித்தே புலப்பட்டது.

ஆயினும் என் மனம் பொறுக்காத விஷயம் வேறு. தூரப் பிரயாணத்தில் ஓடித் தேய்ந்த வண்டியை டவுன் சர்வீசுக்குத் தள்ளிவிடும் வழக்கத்தை நம் ஊர்களில் கண்டு வருகிறோம். தஞ்சாவூர் போகும் வண்டி ஒரே கியரில் நெடுந்தூரம் ஓடிவிடும். அதிராம்பட்டினம் போகும் டவுன் பஸ்ஸோ, கூடைக்காரிக்கு ஒருமுறை, பள்ளிப்பிள்ளைக்கு ஒருமுறை என்று நின்று நின்று, ஒவ்வொரு தடவையும் பிரேக்கையும் கிளட்சையும் தேய்த்து, முதல் கியரிலிருந்து மறுபடி மூச்சுப்பிடித்துக் கிளம்ப வேண்டும். கடினமான வேலைக்குக் கிழ வண்டியை அனுப்பிவிட்டு, மழையில் கூரை ஒழுகுகிறது என்று முறையிடுபவரிடம், டவுன் பஸ்தானே என்று பதில் சொல்கிறார்கள்! புது வண்டி வரும்போது முதலில் அந்த அதிராம்பட்டினத் தடத்துக்கே அதைக் கொடுத்துப் பார்க்கட்டும்.